மூணுக்கு மேல் சொல்லாதே

தங்கபுஷ்பத்துக்குக் குதிகால் வெடிப்பு மழைக்காலத்தில்தான் உயிரை எடுக்கும். வெயில் மாதங்களில் உப்பளத்துத் தண்ணீரிலேயே நிற்பதால் வெடிப்புக்குள் உப்பு ஏறிக் கெட்டிப்பட்டு, கால் மரத்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை விழுந்து, அளம் மூழ்கி, வேலை நின்று, நல்ல தண்ணீரில் நாலு நாள் கால் கழுவினால் போதும், உப்பு கரைந்து வெடிப்பு வாயைத் திறந்துவிடும். பிறகு ஒவ்வோர் அடியும் கண்ணாடிச் சில்லு மேல் வைக்கிற அடிதான். முட்டி வலி தனி, இடுப்பு வலி தனி. இருபத்தாறு வருஷம் ஈர உப்பைத் தலையில் சுமந்து மேட்டில் ஏறிக் கொட்டியவளுக்குக் கழுத்து மட்டும் சும்மா இருக்குமா?

அந்தக் கால்களோடுதான் அவள் அன்று காலை அறநெறி மன்றத்தின் மூன்றாவது மாடிக்குப் படியேறினாள். லிஃப்ட் இருந்தது. வாசலில் நின்ற காவலாளி அவள் சேலையையும் காலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது டாக்டர்களுக்கு என்றான். அவனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. பத்து மணிக்கு விசாரணை.

அவள் வந்தது ஒரே ஒரு காரியத்துக்கு. வருகிற திங்கட்கிழமை அவள் தம்பி பொண்டாட்டி செல்வக்கனியைக் கட்டிலில் படுக்க வைத்து, ஆறு மணி நேரம் இன்னொருத்தரின் வலியை அவள் உடம்புக்குள் விடப் போகிறார்கள். இதுவரை இரண்டு மணி நேரத்துக்குத்தான் அனுமதி. ஆறுக்கு மன்றம் இன்று தலையாட்டினால் முதல் ஆள் செல்வக்கனி. கடைசியாக இரண்டு மணி நேரம் தாங்கிவிட்டு வந்தவள், பதினோரு நாளாகத் தம்ளரைப் பிடிக்க முடியாமல் கிடக்கிறாள். ஆறு மணி நேரம் என்றால் அவள் எழுந்து வர மாட்டாள். இது தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். டாக்டர்கள் யாருக்கும் தெரியவில்லை.

வலிமாற்று வந்து ஒன்பது வருஷமாகிறது. வந்தபோது நல்ல காரியமாகத்தான் வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மயக்க மருந்து தாங்காத உடம்புகள் உண்டு. பிறந்து நாலு நாளான சிசு, இதயம் ஓய்ந்த கிழவர், தீப்பட்டு தினமும் கட்டுப் பிரிக்க வேண்டிய பிள்ளை. அவர்கள் கழுத்தில் ஒரு பட்டை, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் கழுத்தில் ஒரு பட்டை. நரம்பில் ஏறி வரும் வலியை மூளைக்குப் போகுமுன் மடக்கி, அடுத்த ஆளின் நரம்பில் ஏற்றிவிடுவார்கள். அதை அந்தரத்தில் விட முடியாது. எங்காவது ஓர் உடம்பில் போய் முடிந்தால்தான் முதல் உடம்பின் இதயம் ஒழுங்காக ஓடும். கத்தி ஒருவருக்கு, நோவு இன்னொருவருக்கு. தாங்குகிறவர் உடம்பில் காயம் இல்லை, ரத்தம் இல்லை, தழும்பு இல்லை. ஆகவே கேடும் இல்லை என்று எழுதி வைத்தார்கள்.

வலியை விலைக்கு வாங்கக் கூடாது, அது ஈகையாக மட்டுமே வரலாம் என்று மன்றம் விதி போட்டது. அதனால் கூலி கிடையாது. ஆனால் வலி தாங்கும் குழுவின் வீடுகளுக்கு மழைக்கால நான்கு மாதமும் அரிசி, பருப்பு, எண்ணெய் மரியாதையாக வரும். அந்த நான்கு மாதம் உப்பளத்தில் வேலையே கிடையாது என்பது ஊருக்கெல்லாம் தெரியும், மன்றத்துக்கும் தெரியும். தங்கபுஷ்பத்தின் குழுவில் பதினெட்டு வீடு. ஒருத்தி முறை தவறினால் பதினெட்டு வீட்டு உலையும் அவிந்துபோகும். குழுத் தலைவி என்ற முறையில் அந்த ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்தவள் அவள்தான்.

மன்றத் தலைவர் பேராசிரியர் வாகீசன் கெட்ட மனிதர் இல்லை. அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பழைய அறநூல்களைக் கரைத்துக் குடித்தவர். நம்மவர்கள் சொன்னதும் கிரேக்கர்கள் சொன்னதும் அவர் நாக்கு நுனியில் இருந்தன. அவருக்கு வலப்பக்கம் ஆஸ்பத்திரியின் சார்பில் டாக்டர் மிருதுளா, மடியில் கணினியோடு. மூலையில் வலிமாற்றிப் பெட்டி, இரண்டு பட்டைகளோடு. அதன் பக்கத்தில் ஜெனோவா என்ற பெண். பெட்டியை இயக்குகிறவள்.

செல்வக்கனியின் நிலையைத் தங்கபுஷ்பம் சொன்னாள். கை நடுங்குகிறது, சோறு இறங்கவில்லை, யாராவது கதவைத் தட்டினால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டுகொள்கிறாள். டாக்டர் மிருதுளா கணினியைத் திருப்பிக் காட்டினாள். செல்வக்கனி சொன்ன எண், மூன்று. அதற்கு முந்தைய முறை, மூன்று. நாற்பத்தொரு முறையும் மூன்று. மூன்று என்பது எறும்புக் கடிக்குக் கொஞ்சம் மேலே என்று விளக்கினாள். இப்போதைய தளர்ச்சி சத்துக்குறைவாக இருக்கலாம் என்றாள்.

"அந்த மொறை யாருக்காகத் தாங்குனா, டாக்டரம்மா?"

அது ரகசியம் என்றாள் டாக்டர்.

"எங்களுக்கு ரகசியம் இல்ல. வார்டுல பெருக்குறதும் எங்க தெருப் பிள்ளையதான். ஒருத்தன் சொட்டத் தலையில முடி நட்டாவ. ரெண்டாயிரம் ஓட்டை. அவன் போன் பேசிக்கிட்டே உக்காந்திருந்தான். எங்க செல்வி இன்னும் தலையணையில தலை வைக்கல."

ஜெனோவா குனிந்து பெட்டியின் ஒயரைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்தாள். டாக்டரின் காது சிவந்தது. பேராசிரியர் மட்டும் முகம் மாறாமல், இதை அறத்தின் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்று பொறுமையாக ஆரம்பித்தார்.

"பழைய அறம் மூணு கேள்வி கேக்கும்மா. கொடுக்கிறவர் மனசார கொடுத்தாரா? கொடுத்ததால அவருக்கு வந்த துன்பம், வாங்குறவரோட துன்பத்தைவிடக் குறைவா? கொடுத்தவர் இன்னும் நல்ல மனுஷராகிறாரா? மூணுக்கும் ஆமான்னா, முடி நடுறதா, இதயத்தைக் கீறுறதான்னு நாங்க பாக்கிறதில்ல. தேவை பெருசா சின்னதான்னு தீர்ப்பு சொல்ல நாங்க யாரு?"

பிறகு எண்களுக்கு வந்தார். வலியை அளக்க இன்றுவரை கருவி இல்லை. பெட்டி வலியைக் கொண்டுபோகும், எவ்வளவு வலிக்கிறது என்று அதற்குத் தெரியாது. வாய்தான் அளவுகோல். பூச்சியத்திலிருந்து பத்து வரை. ஒரே ஊசியை முடி நட்டவருக்குக் குத்தியபோது ஏழு என்றார். உப்பளத்துப் பெண்கள் பதினெட்டுப் பேரும் மூன்று என்றார்கள். தாங்குகிறவர் எண் நோயாளியின் எண்ணில் பாதிக்குக் கீழே இருந்தால் அனுமதி, அதுதான் விதி. இதை அவர் பெருமையாகவே சொன்னார்.

"ஏழு வலி ஒரு உடம்பிலேர்ந்து கிளம்பி, உங்க உடம்புக்கு வரும்போது மூணாயிடுது. நடுவுல நாலு காணாமப் போகுது. உலகத்துல அவ்வளவு வலி குறையுது. பிறத்தியார் வலியைத் தன் வலியா நெனக்கணும்னு எல்லாரும் பேசினாங்க. அதைச் செஞ்சு காட்டினது நீங்கதான். எனக்கு உங்க மேல இருக்கிறது மரியாதை."

மரியாதை என்று அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. திட்டுகிறவனுக்குப் பதில் சொல்லி அவளுக்குப் பழக்கம் உண்டு. கும்பிட்டுக்கொண்டே கழுத்தில் பட்டை மாட்டுகிறவனுக்கு என்ன பதில்?

"நெனக்கிறது வேற சார். எடுத்துக்கிறது வேற. நெனக்கத்தான் சொல்லியிருப்பாவ. நெனச்சவன் அடுத்தவனுக்கு நோவு வராமப் பாத்துக்கிடுவான்னு சொல்லியிருப்பாவ. நீங்க நெனக்கிறதை வச்சிக்கிட்டு எடுக்குறத எங்ககிட்ட தள்ளிட்டிய."

பேராசிரியர் கோபப்படவில்லை. யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். பிறகு ஓர் உதாரணம் சொன்னார், கிரேக்க ஆசான் ஒருவர் யோசித்துப் பார்த்த விஷயம் என்று. நடுக்கடலில் புயல். கப்பல் கவிழாமல் இருக்க மாலுமி சரக்கைக் கடலில் எறிகிறான். அவன் மனசார எறிந்தானா? விருப்பம் இல்லைதான். ஆனாலும் எறிந்த கை அவன் கைதானே, முடிவெடுத்தது அவன்தானே. ஆகவே அது அவன் செயல்.

தங்கபுஷ்பத்தின் அப்பா தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்தவர். சரக்கு எறிந்த கதையை அவள் எட்டு வயதிலேயே கேட்டிருக்கிறாள்.

"சரிதான் சார். புயல்ல எறிஞ்சவன் மனசார எறிஞ்சானான்னு கேக்கிய. கடல்ல அடிக்கிற புயல யாரும் உண்டாக்கல. எங்க நாலு மாசப் புயல யாரு உண்டாக்குனா? அளம் மூழ்குனா வீட்டுக்குப் போன்னு சொன்னது மழையா, மொதலாளியா? சோத்துக்கு வேற வழியில்லாம அடச்சு வச்சிட்டு, அரிசியக் காட்டி, நீயா வந்தியா தாயின்னு கேட்டா, நானாத்தான் வந்தேன்னு சொல்லுவோம். வேற என்னத்தச் சொல்ல?"

டாக்டர் மிருதுளா, எண் மாறவில்லையே என்று முணுமுணுத்தாள். எவ்வளவு பேசினாலும் எண் மூன்றுதானே.

அதைச் சொல்லத்தான் தங்கபுஷ்பம் மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். சொன்னால் குழுவின் பெயர் கெடும், பதினெட்டு வீட்டிலும் அவளைக் காறித் துப்புவார்கள் என்று தெரிந்தேதான் வந்திருந்தாள்.

"அந்த மூணு பொய், டாக்டரம்மா. நான் சொல்லிக்குடுத்த பொய்."

உப்பளத்தில் காலையில் கண்காணிப்பவன் வரிசையாக நிற்கவைத்துக் கேட்பான், உடம்பு எப்படி என்று. ஒண்ணுமில்லை என்று சொன்னவள் பாத்தியில் இறங்குவாள். வலிக்கிறது என்று சொன்னவள் வரப்பில் உட்காருவாள், மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட மாட்டார்கள். தங்கபுஷ்பத்தின் அம்மா அப்படி ஒரே ஒருநாள் உண்மை சொல்லி, மிச்ச காலத்தை மீன் பொறுக்கிக் கழித்தவள். அதனால் அங்கே யாருக்கும் எதுவும் வலிக்காது. உப்பு கண்ணில் தெறித்துப் பார்வை போனவளுக்கும் ஒண்ணுமில்லைதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் தெருவுக்கு வந்து, எண் சொல்ல வேண்டும் என்றபோது பெண்கள் அவளிடம்தான் ஓடிவந்தார்கள். அவள் ஒரு பகல் முழுக்க யோசித்தாள். சைபர் என்றால் நம்ப மாட்டான். ஐந்து என்றால் வேண்டாம் என்று அனுப்பிவிடுவான். மூணு என்றால் வலிக்கிறது, ஆனாலும் வேலைக்கு ஆவாள். மூணுக்கு மேல் சொல்லாதே என்று பதினெட்டுப் பேருக்கும் பாடம் நடத்தினாள். சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. செல்வக்கனிக்கு மட்டும் அது சட்டென்று வரவில்லை. அவளை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சுடுகரண்டியைக் கையில் வைத்துப் பழக்கினாள்.

இதையெல்லாம் தங்கபுஷ்பம் மன்றத்தில் ஒன்றுவிடாமல் சொன்னாள். கரண்டி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் தன் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். ஆறு மணி நேரத்தை நிறுத்துங்கள், அந்த மூணை வைத்து எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிட்டு எங்களிடம் புதிதாகக் கேளுங்கள் என்றாள்.

"தீப்பட்ட பிள்ளைக்குன்னா நாளைக்கே வாரேன். பத்துன்னாலும் தாங்குதேன். அது ஈகை. அதை நான் சொல்லணும் சார், நீங்க சொல்லக் கூடாது."

டாக்டர் மிருதுளா கணினியை மூடினாள். ஒன்பது வருஷம் பொய் சொன்னதாக நீங்களே சொல்கிறீர்கள், அப்படியானால் இன்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குத் தங்கபுஷ்பத்திடம் பதில் தயாராக இருந்தது. மூலையில் இருந்த பெட்டியைக் காட்டினாள்.

"பட்டையத் திருப்பிப் போடுங்க. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். நான் சும்மா நிக்கேன். என் உடம்புல இப்ப என்ன ஓடுதோ அதை சார் வாங்கட்டும். வாங்கிட்டு அவரு வாயால சொல்லட்டும்."

டாக்டர் வேண்டாம் என்றாள். பேராசிரியர் எழுந்துவிட்டார். சோதித்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது அழகில்லை என்று சொல்லி, தானே சட்டைக் காலரைத் திறந்து பட்டையைக் கட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அவர்மேல் தங்கபுஷ்பத்துக்கு ஒரு பிரியம்கூட வந்தது. ஜெனோவா இவள் கழுத்தில் மற்றப் பட்டையை மாட்டும்போது, யாருக்கும் கேட்காமல், "நிமிந்து நில்லு சித்தி" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, அவளும் நம் பக்கத்துப் பிள்ளை என்று.

விசையைத் தட்டினாள்.

முதலில் கால் போனது. குதிகாலில் எரிந்துகொண்டிருந்தது அணைந்தது. பிறகு முட்டி, இடுப்பு, தோள், கழுத்து. ஒவ்வொன்றாக யாரோ சுமையை இறக்கிவைப்பதுபோல. தரையில் நிற்கிறாளா, தண்ணீரில் மிதக்கிறாளா என்று புரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பதினேழு வயதுக்குப் பிறகு அவள் உடம்பு இப்படி இருந்ததில்லை. மூச்சு அடி வயிறுவரை போய் வந்தது. அழுகை முட்டியது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது, அதுவரை வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒரு கோபம். இப்படித்தானா இவர்கள் எல்லாரும் தினமும் இருக்கிறார்கள்? இப்படி இருந்துகொண்டுதானா எங்களிடம் வலிக்கிறதா, எத்தனை என்று கேட்டார்கள்?

எதிரே பேராசிரியர் வாகீசன் நின்ற இடத்திலேயே சரிந்து நாற்காலியில் விழுந்தார். இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். தூக்கியதும் இடுப்பு பிடித்திருக்க வேண்டும், மறுபடி கீழே வைத்தார். நெற்றியில் வேர்வை பூத்து மூக்கு நுனியில் சொட்டியது. நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

தங்கபுஷ்பம் அவரையே பார்த்தாள். "இது நான் சும்மா நிக்கும்போது சார். எங்க கணக்குல இதுதான் பூச்சியம்."

"சார், எண் சொல்லுங்க" என்றாள் டாக்டர் மிருதுளா. அவள் குரலும் சரியாக இல்லை. பதிவுக்கு வேண்டும் என்றாள்.

பேராசிரியரின் பார்வை மேசைக்குப் போனது. அங்கே ஒன்பது வருஷத்துக் கோப்புகள் அடுக்கியிருந்தன. நாலாயிரத்துக்கு மேல் அனுமதி, ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையெழுத்து. ஏழு என்று சொன்னால் ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு குற்றம். மதியம் ஒரு மணிக்கு ஒரு தீக்காயப் பிள்ளைக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும், அதுவும் நின்றுபோகலாம். அந்தப் பிள்ளையை அவர் நினைத்தாரோ, கையெழுத்தை நினைத்தாரோ, அவருக்குத்தான் தெரியும்.

கண்ணைத் தாழ்த்தினார். எச்சில் விழுங்கினார்.

"மூணு" என்றார்.

ஜெனோவா விசையை அணைத்தாள். வலி எல்லாம் பழையபடி தன் வீட்டுக்குத் திரும்பி வந்து தங்கபுஷ்பத்தின் குதிகாலில் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் தட்டச்சு செய்தாள். உழைத்த உடம்பின் இயல்பான அலுப்பு, கேடில்லை. ஆறு மணி நேரம், அனுமதி.

தங்கபுஷ்பம் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவர் நிமிரவில்லை.

"சொல்லும்போது கண்ணத் தாழ்த்தக் கூடாது சார். எச்சிலும் விழுங்கக் கூடாது. எங்க பிள்ளையெல்லாம் உங்களவிட நல்லாச் சொல்லும்."

கீழே இறங்கும்போது லிஃப்டில் ஏறினாள். காவலாளி எதுவோ சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

மழை விட்டிருந்தது. நேராகச் செல்வக்கனி வீட்டுக்குப் போனாள். அவள் பாயில் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள், தலையைக் கையில் தாங்கியபடி. கதவைத் தட்டாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே போய், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். பேராசிரியர் மூணு என்ற இடத்தில் செல்வக்கனிக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சி புரையேறியது.

"அவருக்கு யாரு மைனி சொல்லிக்குடுத்தா?"

"யாரும் குடுக்கல. தானா வருது அவியளுக்கு."

திங்கட்கிழமை உன் இடத்தில் நான் படுக்கிறேன் என்றாள் தங்கபுஷ்பம். படுத்து உண்மை எண்ணைச் சொல்வேன். அதற்குள் மற்ற வீடுகளுக்கும் போய், மூணை அழிக்கச் சொல்வேன். பதினெட்டுப் பேரும் உண்மை சொன்னால் பாதிக்குக் கீழே எந்த எண்ணும் வராது, அவர்கள் விதியே அவர்களை மறிக்கும். அரிசி நிற்கும் என்றாள் செல்வக்கனி. நிற்கும்தான் என்றாள் இவள். நின்றால் அந்த மன்றத்து வாசலில் பதினெட்டு அடுப்பு வைப்போம், அவர்கள் மரியாதையை அங்கே வந்து காட்டட்டும்.

கஞ்சி தீர்ந்தது. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

"செல்வி. நெசமா எத்தன?"

செல்வக்கனி பழக்கத்தில் வாசலைப் பார்த்தாள், யாராவது எழுதிக்கொள்கிறார்களா என்று. யாருமில்லை.

"ஒம்போது."

"ஏழுன்னுல்லா நான் நெனச்சிருந்தேன்."

"ஏழுன்னா தம்ளரப் பிடிச்சிருப்பேனே, மைனி."

அவள் உள்ளங்கையில் கரண்டி சுட்ட வடு இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. தங்கபுஷ்பம் அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒன்பதில் மூன்று போனால் ஆறு. நாற்பத்தொரு முறை, முறைக்கு ஆறு. அதைக் காணாமல் போக்கியது பேராசிரியர் மட்டும் இல்லை. அந்த ஆறும் தங்கபுஷ்பம் செல்வக்கனிக்குப் பட்ட கடன், இன்னும் தீர்க்கவில்லை.